ரெஸ்கியின் பெரிய கூண்டு

முற்றத்து எலுமிச்சை மரத்தடியில் அந்த மக்னீன் குஞ்சைப் பார்த்ததும் என் அண்ணன் ரெஸ்கிக்கு வாயெல்லாம் பல். அல்ஜியர்ஸில் எங்கள் பேட்டை ஆண்களுக்கு மக்னீன் என்றால் பைத்தியம். சிட்டுக்குருவியைவிடச் சின்னது, இறக்கையில் மஞ்சள் பட்டை, பாட்டோ தெருவையே நிறுத்தும். பெற்ற பிள்ளை இருமினால் திரும்பிப் பார்க்காதவன்கூட, கூண்டு மக்னீன் ஒரு வேளை பாடாவிட்டால் பட்டினி கிடப்பான். என் அண்ணன் அவர்களுக்கெல்லாம் தலைவன்.

குஞ்சுக்கு வால்கூடச் சரியாக முளைக்கவில்லை. அவசரப்பட்டுக் கூட்டிலிருந்து குதித்திருக்கிறது, அவ்வளவுதான். தாயும் தகப்பனும் உச்சிக் கிளையில் கத்திக்கொண்டிருந்தன. நான் அதை மெல்ல எடுத்துத் தாழ்ந்த கிளையொன்றில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். சற்று நேரத்தில் தாய் இறங்கி வந்து ஊட்டியது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அதற்குள் ரெஸ்கி தன் பெரிய கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். குஞ்சை அடைத்து அதே கிளையில் மாட்டினால் தாய் கம்பி வழியாகவே ஊட்டி வளர்த்துவிடும். வளர்ந்ததும் கூண்டை வீட்டுக்குள் கொண்டுபோய்விடலாம். இங்கே பலரும் செய்வதுதான். தாயை வேலைக்காரியாக்கிப் பிள்ளையைத் திருடுவதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் உதவி.

"வெளியில விட்டா பூனை தின்னுடும், வசீலா. நான் காப்பாத்தத்தானே பாக்குறேன்," என்றான்.

பூனை இருந்தது நிஜம். கூண்டுத் தீனிக்கு வரும் எலிகளைப் பிடிக்க அவனே வளர்க்கும் கொழுத்த பூனை, கிளையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாடி ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. பொம்பளைக்கு மக்னீனைப் பற்றி என்ன தெரியும் என்று எவனோ கேட்டது காதில் விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூண்டைக் கொடு என்றேன். தங்கச்சி வழிக்கு வந்துவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே நீட்டினான். நான் பூனையின் பிடரியைப் பிடித்துத் தூக்கி, உள்ளே திணித்து, கதவைச் சாத்தினேன்.

"யாரால ஆபத்தோ அவங்களத்தானே அடைக்கணும்? நீயும் மரத்துக்கிட்ட வராதே அண்ணா. உன் அளவுக்குக் கூண்டு கிடைக்காமலா போயிடும்?"

மாடியில் பெண்கள் சிரித்தார்கள்.

மறுநாளும் குஞ்சு பறக்கவில்லை. பூனை தெருவே கேட்கக் கத்தியது. ரெஸ்கி கூண்டின் முன் குத்துக்காலிட்டு, மத்தி மீனைப் பிய்த்துக் கம்பி வழியாக ஊட்டிக்கொண்டிருந்தான்.

"பாவம்டி. எப்பத் திறந்துவிடுவ?"

"அது பறந்ததும்."

அதற்கப்புறம் குஞ்சு சீக்கிரம் பறந்து போக வேண்டுமென்று எங்கள் பேட்டையிலேயே அதிகமாக வேண்டிக்கொண்டவன் என் அண்ணன்தான்.