நழுவிய மூன்றாவது கியர்

அவளிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட எல்லாருக்கும் அவள் டீச்சர்தான். பத்தொன்பது வருடங்களாக ஒரே காரில் கற்றுக்கொடுத்தாள். பக்கத்து இருக்கையில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் பொருத்திய பழைய வெள்ளைக் கார். அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. புதுசாக ஒன்று வாங்கேன் என்று கணவர் ஆரம்பித்தால், "முதல்ல உங்க மூக்குக்கண்ணாடியை மாத்துங்க, அப்புறம் என் காருக்கு வரலாம்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

சில மாதங்களாக மூன்றாவது கியர் முரண்டு பிடித்தது. போட்டால் விழும். கொஞ்ச தூரம் போனதும் தானாகக் கழன்று நியூட்ரலில் வந்து நிற்கும். டீச்சர் அதைக் கையால் அழுத்திப் பிடித்தே சமாளித்துவந்தாள்.

அது ஒரேயடியாகப் படுத்துக்கொண்ட அன்று ஓட்டியவள் ஒரு நர்ஸ். நாற்பது வயது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலைக்கு மாறவிருந்தாள். அதற்கு லைசென்ஸ் வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை டெஸ்டில் கோட்டை விட்டிருந்தாள். மேம்பாலத்தின் ஏற்றத்தில் மூன்றாவதைப் போட்டாள். கரகரவென்று பல்லைக் கடிக்கிற சத்தம், பிறகு ஒரு குலுக்கல். அதற்கப்புறம் மூன்றாவது கியர் என்று ஒன்று அந்தக் காரில் இல்லை.

பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஒடைச்சிட்டேனா டீச்சர்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். டீச்சர் சொன்னது வேறு. "கியரை மெதுவா போடுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?"

இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் நர்ஸிடமிருந்து செய்தி வந்தது: 'எனக்கு இது சரிப்படாது டீச்சர். மன்னிச்சிடுங்க.' டீச்சர் அதைப் படித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

டீச்சரின் நாத்தனார், கணவரின் தங்கை, பஸ் பணிமனையில் கியர்பாக்ஸ் பிரிவில் வேலை பார்ப்பவள். அங்கே அவளை ஃபோர்மேனம்மா என்பார்கள். கைவேலை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு கூர்மை. காரைப் பத்து அடி ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"அண்ணி, இது செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. நீங்கதான் அடக்கம் பண்ணாம வச்சிருந்திருக்கீங்க."

"இருபது வருஷமா கண்டவனும் போட்டு ஆட்டினா எந்த கியர்பாக்ஸ்தான் தாங்கும்?" என்றாள் டீச்சர்.

புது கியர்பாக்ஸ் எங்கேயும் கிடையாது. இரண்டு பேரும் பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடங்களாக ஏறி இறங்கினார்கள். முதல் இடத்தில் இருந்தது வேறு மாடலுடையது. இரண்டாவது இடத்துக்காரர், தன்னிடம் இருந்ததும் இதே மாடல்தான் என்று சாதித்தார். நாத்தனார் கியரின் பல் எண்ணிக்கையைச் சொல்லிக் கேட்டதும், டீ குடிக்கிறீர்களா என்று பேச்சை மாற்றினார். ஐந்தாவது இடத்தில்தான் கிடைத்தது. பின்பக்கம் லாரி இடித்து அப்பளமாகிப்போன கார். முன்பக்கம் அப்படியே இருந்தது.

"ரெண்டு மாசம்தான் ஓடிச்சு, புதுசு மாதிரி" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு மாசத்துல சீட்டு இவ்வளவு கிழியுமா?" என்றாள் நாத்தனார்.

கீழே உட்கார்ந்து கியர்பாக்ஸின் அடிப்பக்கத்துத் திருகாணியைக் கழற்றி, கொஞ்சம் எண்ணெயை உள்ளங்கையில் பிடித்து வெயிலில் காட்டினாள். சாம்பல் நிற மினுக்கு தெரிந்தது. அது பரவாயில்லையாம், எல்லா கியர் பெட்டியிலும் இருக்குமாம். கூடவே நகக்கண் அளவில் ஒரு இரும்புச் செதிலும் இருந்தது.

"ஒரு பேரிங் போயிருக்கு. பேரிங் மாத்திக்கலாம். பல்லுங்க நல்லா இருந்தா போதும்."

பெட்டியின் சுழல்தண்டைக் கையால் சுழற்றி, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தாள். எல்லாமே தயங்காமல் விழுந்தன. எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுப் பின்கொட்டகையில் வேலை தொடங்கியது. பழைய பெட்டியைக் காரிலிருந்து இறக்குவதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. துருவேறிய ஒரு போல்ட் மட்டும் நாத்தனாரை ஒன்றரை மணி நேரம் வசைபாட வைத்தது. பிறகு இரண்டு பெட்டிகளையும் பெஞ்சின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்தார்கள். டீச்சர் ஒவ்வொரு உறுப்பையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் அடுக்கினாள்.

நாத்தனார் இரண்டு பெட்டியிலிருந்தும் ஆளுக்கொன்றாக ஃபோர்க்கை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். கியர் கம்பியை நாம் தள்ளும்போது உள்ளே கியரைத் தள்ளுவது அதுதான். இரண்டு விரலை விரித்த மாதிரி இருக்கும். வாங்கி வந்ததில் இரண்டு விரலும் தடிமனாக இருந்தன. டீச்சருடைய காரிலிருந்து எடுத்ததில், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பிளேடு போல மெலிந்து, சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

"இது கியரைத் தப்பா போட்டு வர்ற தேய்மானம் இல்ல அண்ணி. தப்பா போட்டா பல்லுதான் போகும். உங்க பல்லெல்லாம் பரவாயில்ல. இது, கம்பி மேல யாரோ எப்பவும் கையை வச்சு அழுத்திட்டே இருந்தா வர்றது. கை பாரத்துல ஃபோர்க் போய்ச் சுத்துற வளையத்துல உரசிட்டே இருக்கும்."

"அதைத்தான் நானும் எல்லார்கிட்டயும் சொல்றேன். கம்பி மேல கையை வைக்காத, வைக்காதன்னு. யார் கேக்குறாங்க?"

நாத்தனார் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "வாங்க, கார்ல உக்காருங்க. உங்க எடத்துல."

கியர்பாக்ஸ் இல்லாத காரில், வெறுமனே தொங்கிய கியர் கம்பியின் பக்கத்தில், டீச்சர் உட்கார்ந்தாள். நாத்தனார் ஓட்டுநர் இருக்கையில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். "நான் புதுசா சேர்ந்தவ. இந்தத் தெருவுல இருந்து மெயின் ரோட்டுக்கு எப்படிப் போகணும், சொல்லுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"சொல்லுங்க அண்ணி."

டீச்சர் சொல்ல ஆரம்பித்தாள். கண்ணாடியைப் பார், கிளட்சை மிதி, முதல் கியர், மெதுவாக விடு. திருப்பத்தில் பால் வண்டி நிற்கும், அதனால் இரண்டாவது. சொல்லச் சொல்ல அவளுக்கு அந்தத் தெரு கண்முன் வந்துவிட்டது. நாத்தனார் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். கீழே பார்த்தாள். டீச்சரும் பார்த்தாள்.

தன் கை கம்பியின் உருண்டையைப் பொதிந்து பிடித்திருந்தது. அது எப்போது அங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாத்தனார் இதற்கும் ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ இறங்கிப்போய் பேரிங்கைக் கழற்ற ஆரம்பித்திருந்தாள்.

மறுநாள் தேய்ந்த ஃபோர்க்கை ஒரு கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு டீச்சர் நர்ஸ் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டீச்சர் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"இதுதான் போயிருக்கு. நீ ஒடைக்கல. பத்தொன்பது வருஷமா என் கைதான் இதைத் தேச்சிருக்கு. அன்னிக்கு உன்கிட்ட அப்படிச் சொன்னது தப்பு."

நர்ஸ் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று டீச்சர் நினைத்திருந்தாள். வந்தது கோபம்.

"அந்தக் கை எப்பவும் அங்கயேதானே இருக்கும்? நான் கியர் போட்டதே இல்ல டீச்சர். உங்க கை எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் தள்ளுவேன், அவ்வளவுதான். டெஸ்டுக்குத் தனியா போனா மூணாவது எங்க இருக்குன்னே தெரியாது. எனக்குத்தான் மண்டையில ஏறலன்னு நெனச்சு எத்தனை நாள் அழுதிருக்கேன்!"

டீச்சர் கைக்குட்டையை மடித்தாள். டீ ஆறிப்போனது. தன்னிடம் படித்து, டெஸ்டில் தோற்று, அதோடு விட்டுவிட்டவர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பயம் அதிகம், கவனம் போதாது என்று அவள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தாள்.

"திரும்ப வர்றியா?" என்று கடைசியில் கேட்டாள். "இந்தத் தடவை நீயே போடு."

நர்ஸ் யோசித்துத்தான் தலையாட்டினாள்.

பெட்டியை மூட இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. புது பேரிங், புது ஆயில் சீல், வாங்கிவந்த ஃபோர்க். முதல் தடவை மூடியபோது இரண்டு கியர் சேர்ந்தாற்போல் விழுந்து பெட்டி இறுகிக்கொண்டது. இரண்டு கியர் ஒன்றாக விழாமல் தடுக்கிற சின்னப் பூட்டு ஊசியை டீச்சர் தன் ஏப்ரன் பையிலேயே வைத்து மறந்திருந்தாள். நாத்தனார் மறுபடி எல்லாவற்றையும் பிரித்தாள். "நல்லவேளை அண்ணி, நீங்க டாக்டருக்குப் படிக்கல" என்றாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

காலியாகக் கிடந்த சந்தை மைதானத்தில் நர்ஸ் மறுபடி ஸ்டியரிங் பிடித்தாள். டீச்சர் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். முதல் நாள் வண்டி பதினேழு தடவை நின்றது. மூன்றாவதற்குப் பதில் ஐந்தாவது விழுந்து கார் நடுங்கியபோது, டீச்சருடைய தோள் தானாகத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நர்ஸ் தானாகவே கிளட்சை மிதித்து, தேடி, மூன்றாவதைக் கண்டுபிடித்தாள். பெட்டி சத்தமில்லாமல் அதை வாங்கிக்கொண்டது.

"விழுந்திடுச்சு" என்றாள் நர்ஸ், யாரிடமும் சொல்லாத மாதிரி.

நர்ஸ் அந்தத் தடவையும் டெஸ்டில் தேறவில்லை. கியரில் ஒரு குறையும் இல்லை, வண்டியை ஓரங்கட்டும்போது சக்கரம் கோட்டை மிதித்துவிட்டது. வெளியே வந்தவள் அழவில்லை. "கோடுதானே, பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த மாதம் தேறிவிட்டாள்.

இப்போதெல்லாம் டீச்சரிடம் பயிற்சி முடிய முன்பைவிட இரண்டு வாரம் கூடுதலாகிறது. சிலர் முணுமுணுத்துவிட்டு வேறு பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். அவள் அவர்களைத் தடுப்பதில்லை.