ஓடை தாண்டிச் சிரிக்கலாம்

அர்த்தனாரிக்கு இலக்கியம் பற்றி அபிப்பிராயங்கள் ஏராளம். தமிழில் அழவைப்பவனுக்கு மாலை போடுகிறார்கள், சிரிக்கவைப்பவனைக் கோமாளி என்கிறார்கள் என்பது அதில் முதலாவது. சேலத்து வாரப் பத்திரிகை ஒன்றில் அவர் வெகுநாளாக ஹாஸ்யக் கதை எழுதிவந்தார். பாவம், தன் கதைக்கு ஒருவர் வாய்விட்டுச் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. அந்த ஏக்கம் மனிதரை உள்ளுக்குள் அரித்தது.

கொல்லிமலைக்கு ரோடு வராத காலம். மலைமேல் அரியூர் நாட்டிலிருந்த மைத்துனன் வீட்டுக்குக் காட்டுத்தடத்தில் ஏறிக்கொண்டிருந்தார். பெட்டியைச் சுமந்து முன்னால் போன வேலப்பன், மஞ்சள் துணி சுற்றிய மரத்தடியில் நின்றான்.

"இங்கிருந்து ஓடை வரைக்கும் ஆரும் சிரிக்க மாட்டோமுங்க. ஓடை தாண்டிச் சிரிச்சுக்கலாமுங்க."

"சிரிச்சா?"

"அது கேட்டுக்கிட்டு வந்துருமுங்க."

அர்த்தனாரிக்கு வீம்பு வந்துவிட்டது. தன் சரக்கில் சிறந்ததை எடுத்துவிட்டார். "ஒரு புலவர் கிணத்துல விழுந்துட்டார் வேலப்பா. காப்பாத்தச் சொல்லிச் செந்தமிழ்ல கதர்றார். ஊரே கூடி நின்னு, பாட்டு பிரமாதம், இன்னொண்ணு பாடுங்கன்னுச்சாம்."

வேலப்பன் துண்டைக் கடித்துக்கொண்டான். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை.

மேலே மூடுபனிக்குள் ஒரு பெண் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில், ஆசை தீரச் சிரித்தாள். அர்த்தனாரிக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம்.

வேலப்பன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினான். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, கண்ணில் நீர் வர வாய்விட்டுச் சிரித்தான். "கெணத்துல கெடந்து பாட்டாமா. நல்லாருக்குதுங்க சாமி."

இத்தனை காலம் ஏங்கிய சிரிப்பு அதுதான். ஆனாலும் பனிக்குள் அந்தப் பெண் சிரித்ததைக் கேட்ட காதுக்கு இது சப்பென்றிருந்தது.

"மூக்குக்கண்ணாடி அங்க விழுந்துட்டுது, எடுத்துட்டு வரேன்" என்று, சட்டைப்பைக்குள் இருந்த கண்ணாடியைக் கையால் மறைத்துக்கொண்டு, தடுத்தவனை உதறிவிட்டுத் திரும்பிப் போனார்.

மரத்தடியில் நின்று, "ஒரு ஊர்ல" என்று ஆரம்பித்தார். கதை முடியும் முன்பே சிரிப்பு வந்தது, பிடரிக்குப் பின்னாலிருந்து. அவ்வளவு அருகில் சிரித்தும் மூச்சுக் காற்று மேலே படவில்லை.

"வேலப்பா, என்னைக் கூட்டிப்போ" என்று கத்த வாயைத் திறந்தார். அந்தப் பெண்ணின் சிரிப்பு அவர் வாயிலிருந்து வந்தது. மறுபடி கத்தப் பார்த்தார். இன்னும் பலமாகச் சிரித்தார்.

அக்கரையில் வேலப்பன் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடுவது தெரிந்தது. கிணற்றுக்குள் அந்தப் புலவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று அர்த்தனாரிக்கு அப்போது புரிந்தது. அழுகை பொங்கியது. அதுவும் சிரிப்பாகத்தான் வந்தது.