கையில் கொடுக்காத மூட்டை

"கையில குடுத்தானா, கீழ போட்டானா? அதை மட்டும் சொல்லு" என்றார் சர்க்கார் வக்கீல் வெள்ளியங்கிரி.

கோர்ட்டு வராந்தாவுக்குக் கீழே வெயிலில் நின்ற மயிலாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் என் தம்பி பெண்டாட்டி. கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து தம்பி தை மாதம் போய்ச் சேர்ந்தான். அவன் விட்டுப்போன, இன்னும் பால் மறக்காத பிள்ளை என் இடுப்பில் இருந்தது. இவளுக்கோ ஒரு பொய் சொல்லக்கூட வாய் வராது.

"கீழ போட்டாங்க சாமி. நானு எடுத்துக்கிட்டனுங்க."

"அப்ப அவன் குடுக்கல. கெடந்ததை நீயா எடுத்திருக்கற."

அவன் என்றது கிட்டுசாமியை. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவன் மேசையடியில் விழுகிற துண்டுத்துணியைக் கூட்டி அள்ளுவதுதான் மயிலாள் வேலை. சனிக்கிழமையானால் கழிவுத்துணி என்று ஒரு மூட்டையைக் கட்டிப் போடுவான். அவன் சொல்கிற கடையில் இவள் இறக்கிவிட்டு வருவாள். போன மாதம் வாட்ச்மேன் அந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டான். மேலாகத் துண்டு, உள்ளே அத்தனையும் வெட்டாத புதுத்துணி. போலீஸ் இரண்டு பேரையும் பிடித்தது. கடைக்காரனும் கிட்டுசாமி பேரைத்தான் சொன்னான். அப்பாடா, தப்பித்தாள் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

ஆனால் யார்மேல் கேஸ் நடத்துவது என்பது வக்கீல் கையில் இருந்தது. கிட்டுசாமியோ சலவை வேட்டியில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நிற்கச் சொல்லக்கூட அங்கே ஆளில்லை.

வக்கீல் சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "பையனைச் சாட்சியாப் போட்டுக்குங்க. ஆவணில கல்யாணம் வெச்சிருக்கறாங்க. கேஸுன்னு பேராயிட்டா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்? இவளுக்கென்ன, போயிட்டு வருவா. பொம்பளைங்க சீலைக்குள்ள எதைத்தான் மறைக்க மாட்டாங்க?"

பிள்ளையோடு நான் படியருகே போனேன். "ஏனுங்க சாமி, ஊருக்கு வெளிய வளவுல கெடக்கற எங்க சனத்துக்கு எந்தக் கவுண்டருங்க கையில தொட்டுக் குடுத்திருக்கறாங்க? உங்க ஊட்டுக்கு நாங்க வந்தாலும் சோத்தை எட்ட நின்னுதானுங்களே போடுவாங்க. அதைப் போயி, கையில குடுத்தானான்னு கேக்கறீங்களே!"

அவருக்குத் தெரியாமலா இருக்கும்? மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "இந்தப் பொம்பளைய வெளிய அனுப்புங்க" என்றார். என்னைத் தெருவில் கொண்டுபோய் விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விசாரணை. எங்களுக்கென்று வக்கீல் யாரும் இல்லை. மேசையடியில் கிடந்ததை அவள்தான் எடுத்தாள் என்று கிட்டுசாமி கூண்டில் நின்று சொன்னான். கடைக்காரனை வக்கீல் கூப்பிடவே இல்லை. மாஜிஸ்டிரேட்டு கேட்டபோதும் மயிலாள், "கீழ போட்டாங்க, எடுத்துக்கிட்டனுங்க சாமி" என்றே சொன்னாள். மூன்று மாதம் என்று தீர்ப்பானது.

வெளியே வந்ததும் மர மறைவில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். கோயமுத்தூர் ஜெயிலுக்குப் பிள்ளையையும் கூட்டிப் போகலாம் என்றது போலீஸ். "அந்தத் தண்ணி இதுக்குச் சேராதுங்க அண்ணி, நீங்களே வெச்சுக்குங்க" என்று என் மடியில் கிடத்தினாள். எழுந்தவள் நேராகக் கிட்டுசாமி முன்னால் போய்க் கும்பிட்டாள்.

"சாமி, நானு வர்ற வரைக்கும் என்ற வேலையை வேற ஆருக்கும் குடுத்துறாதீங்க."

அடிப்பாவி! ஓடிப்போய் அறைந்துவிடலாம் என்றிருந்தது. அவளையா, அவனையா என்று எனக்கே விளங்கவில்லை.

"பாக்கலாம், பாக்கலாம்" என்றான் அவன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

திங்கட்கிழமை மயிலாள் வேலைக்கு வரச்சொல்லி, கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். பிள்ளை பாலுக்கு விடிய விடிய அழுதிருந்தது; வாங்கக் கையில் காசில்லை. போனேன். ஜன்னல் கம்பியில் தூளி கட்டி அதைப் போட்டுவிட்டு, கூட்டுமாறோடு கிட்டுசாமியின் மேசைக்கு அடியில் குனிந்தேன். மேலே கத்தரி ஓடிக்கொண்டிருந்தது. வெட்டிய துண்டுகள் ஒவ்வொன்றாக என் தலையிலும் முதுகிலும் விழுந்தன.