எடை குறைந்த வண்டிகளுக்குத் தடை

என் தம்பி ராய்ஸ் முன்பின் யோசிக்காத அவசரக்காரன் என்று அவனை விட்டுப் பிரிந்த மனைவி டானா கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஒரு காலத்தில் அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவசரப்பட்டவள் நான். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் இப்போது உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவன் மகள் வில்லாவுக்குப் பத்து வயது. லாரமியில் அம்மாவோடு இருக்கிறாள். வாரக் கடைசியில் அவள் அப்பாவின் வீட்டில் இரவு தங்கலாமா கூடாதா என்று முடிவு செய்வதற்காக, நீதிபதி ஒரு பெண்மணியை வீட்டைப் பார்த்துவரச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவதாக அந்த அம்மாள் கடிதம் போட்டிருந்தார். ராய்ஸ் குழாய் பதிக்கும் இடங்களில் வெல்டிங் செய்பவன். குழாய் எங்கே போகிறதோ அங்கே அவன் வீடும் போக வேண்டும் என்பதால், அவன் வீடு முப்பதடி நீளத்தில் சக்கரத்தின் மேல் இருக்கிறது. பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற டிரெய்லர். நான் இருக்கிற ராலின்ஸ் ஊரில் அவன் வேலை சனிக்கிழமை மாலையோடு முடிந்தது. லாரமியில் வில்லாவின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் டிரெய்லர் நிறுத்துமிடத்தில் பதினான்காம் எண் இடத்தைக் குளிர்காலம் முழுக்க வாடகைக்குப் பிடித்திருந்தான். இடையில் நூறு மைல்தான்.

அந்த நூறு மைலில்தான் காற்று இருக்கிறது.

ஞாயிறு காலை என் வீட்டு முற்றத்தில் நின்ற டிரெய்லர் காற்றில் முனகிக்கொண்டே ஆடியது. ராய்ஸ் அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து நின்றான். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போலத்தான் இருந்தது.

"அக்கா, இன்னிக்கி வேணாம். விடியக்காலம் மூணு மணிக்குக் கெளம்புனா காத்து படுத்திருக்கும். அஞ்சரைக்கெல்லாம் லாரமி."

"மூணு மணிக்குக் கெளம்புனா, நான் எப்ப திரும்பி வந்து ஆறு மணிக்கு பஸ் எடுக்கிறது? பறந்து வரவா?"

"நீ எதுக்குக்கா வரணும்? நானே போய்க்கிறேன்."

"நீ கிழிச்ச. பின்னால நின்னு கை காட்டாம இத அந்தச் சந்துல ரிவர்ஸ் எடுத்துருவியா? அந்தப் புள்ள ரூமுக்குத் திரை யாரு மாட்டுறது? நீ மாட்டுனா சாக்கு தொங்குற மாதிரி தொங்கும்."

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. அதற்காக அலுவலகச் சுவரில் என் படத்தை மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பாழாய்ப்போன படத்துக்காகத்தான் அன்றைக்கே போய்விட்டு, ராத்திரிக்குள் அவன் பிக்கப்பில் என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும் என்று நின்றேன். அவனுடைய பெண் பெரிதா என் படம் பெரிதா என்று யாராவது அப்போது என்னைக் கேட்டிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

"காத்து தள்ளிரும்க்கா. உள்ள ஒண்ணுமே இல்ல, காலி டப்பா மாதிரி இருக்கு."

"அப்ப காலியா ஏன் கொண்டுபோற? அடியில இருக்கிற தொட்டியில தண்ணி ரொப்பு. எர்ல் என்ன சொல்லுவாரு? வெறும் லாரியத்தான் காத்து தூக்கும், லோடு லாரிய அசைக்காதும்பாரு. இருபத்தஞ்சு வருஷம் இதே ரோட்டுல ஓட்டுன மனுஷன்."

எர்ல் என் கணவர். இறந்து நாலு வருடமாகிறது. அவர் சொன்னது பதினெட்டுச் சக்கர லாரியைப் பற்றி. அதை நான் ஒரு வீட்டின் தலையில் கட்டினேன்.

ராய்ஸ் சற்று யோசித்தான். "தொட்டி பின்னாடி, சக்கரத்துக்கு அந்தாண்ட இருக்குக்கா," என்றான்.

"எங்க இருந்தா என்ன, எடை எடைதான," என்றேன்.

ரப்பர் குழாயை இழுத்துத் தொட்டி வாயில் நானே சொருகினேன். முற்றத்துக் குழாயில் தண்ணீர் நூல் போல வந்தது. தொட்டி பாதிக்குக் கொஞ்சம் மேலே ஏறியபோது பொறுமை போய் மூடிவிட்டேன். அது போதாதென்று வில்லாவின் அறைக்காக நான் எடுத்து வைத்திருந்த இரும்புக்கால் மேசை, தையல் மெஷின், மூன்று பெட்டிப் புத்தகங்கள் எல்லாவற்றையும் உள்ளே ஏற்றினோம். அவள் அறை டிரெய்லரின் வால் பக்கம். ராய்ஸ் இரண்டு மாதமாக வேலை முடிந்து வந்து அந்த அறையைச் செய்திருந்தான். கட்டில் மரத்தை வழவழப்பாகத் தேய்த்து, ஜன்னலுக்கு மேலே அவள் பெயரைத் தகட்டில் வெட்டி ஒட்டவைத்திருந்தான்.

கொக்கியை மாட்டினோம். வழக்கமாக டிரெய்லரின் மூக்குப் பாரம் உட்கார்ந்ததும் பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கும். அன்றைக்கு அமுங்கவில்லை.

"என்னக்கா, இன்னிக்கி நேரா நிக்குது?"

"தண்ணி எடை சமமா உக்காந்துருச்சு, அதான்," என்றேன். என்ன ஒரு மேதாவி.

நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் மஞ்சள் விளக்குப் பலகை மினுக்கிக்கொண்டிருந்தது. காற்று மணிக்கு அறுபது மைல், எடை குறைந்த உயரமான வண்டிகளுக்குத் தடை. ராய்ஸ் ஓரங்கட்டி நிறுத்தினான்.

"அக்கா, போர்டு."

"பாத்தேன். எடை குறைஞ்சதுக்குத்தான தடை? நம்மளோடது எடை கூடுனது."

"அது லாரிக்காரனுங்களுக்குச் சொல்றதுக்கா. லாரி எடைக்கு முன்னால நம்மளோடது தூசி. திரும்பிப் போயிரலாம். டானா எப்படா சாக்கு கெடைக்கும்னு ஒக்காந்திருக்கா."

"அதுக்குத்தான் நேரத்துக்குப் போய்ச் சேரணும்கிறேன். நாளைக்கி அந்தம்மா வந்து பாக்குறப்ப வீடே இல்லன்னா என்ன பண்ணுவ? டேய், நான் இதே காத்துல புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறவ. எனக்குத் தெரியாதா?"

அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. அதிலிருந்து நான் குரலை உயர்த்தினால் அவன் வாயை மூடிக்கொள்வான். நாற்பத்தோரு வயதிலும் அப்படித்தான். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பலகையை ஒரு தரம் பார்த்தான். பிறகு கியரைப் போட்டான்.

மணிக்கு நாற்பத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் அவன் போகவில்லை. லாரிகள் எங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் டிரெய்லர் ஒரு பக்கம் உறிஞ்சி இழுக்கப்பட்டது. அவன் ஸ்டியரிங்கைத் திருப்பாமல் அப்படியே பிடித்துக் காத்திருந்தான், அது தானாக அடங்கியது. நன்றாகத்தான் ஓட்டினான். இருபது மைல் கழித்து எனக்குத் தைரியம் வந்துவிட்டது, பார்த்தாயா என்று பேச்சை ஆரம்பித்தேன். அவனும் கொஞ்சம் தளர்ந்து, வில்லா போனில் கேட்டதைச் சொன்னான். படுத்துக்கொண்டே மலை தெரியுமா என்று கேட்டாளாம். வண்டியை எந்தப் பக்கம் நிறுத்தினால் மலை தெரியும் என்று போன வாரமே போய்ப் பார்த்துவிட்டு வந்தானாம்.

எல்க் மலையைத் தாண்டியதும் சாலை ஒரு மேட்டைக் குடைந்துகொண்டு போகும். இரண்டு பக்கமும் மண்சுவர், காற்றே இல்லை. இறக்கமானதால் வேகம் ஐம்பதைத் தொட்டது. சுவர் முடிந்த இடத்தில் காற்று வலப்பக்கத்திலிருந்து மொத்தமாக வந்து அடித்தது.

பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் வால் இடப்பக்கம் போவதைப் பார்த்தேன். பிறகு வலப்பக்கம். பிறகு இடப்பக்கம், முன்னைவிடப் பெரிதாக. உள்ளே பாதித் தொட்டித் தண்ணீர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மோதுவது பிக்கப்பின் தரைவழியாக என் காலில் தெரிந்தது. ராய்ஸ் கால் பிரேக்கைத் தொடவில்லை. டிரெய்லர் சக்கரங்களை மட்டும் பிடிக்கிற கைப்பிடியை அழுத்தினான். அது ஒரு நொடி நேராகியது. நான் மூச்சு விட்டேன். அடுத்த அடி காற்றில் வால் எங்களையே தூக்கித் திருப்பியது.

பிக்கப் வந்த திசையைப் பார்த்து நின்றது. அவன் வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு சாலைகளுக்கும் நடுவிலிருந்த புல்லில் டிரெய்லர் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கூரைத் தகரத்தைக் காற்று ஒரு முனையிலிருந்து உரித்துக்கொண்டிருந்தது. வில்லாவின் போர்வைகளும் தலையணையும் சாலையைக் கடந்து பறந்து போய் ஆட்டு வேலியில் ஒட்டிக்கொண்டன. ராய்ஸ் உடைந்த கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவற்றை எடுக்க ஓடினான். "விடுடா, விடு," என்று நான் கத்தினேன். அவன் காதில் விழவில்லையோ என்னவோ.

போலீஸ்காரர் வந்தார். தடைப் பலகையை மீறியதற்கு அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பிறகு மீட்பு வண்டிக்காரர் வந்தார், நரைத்த மீசை, பெரிய வாய். குனிந்து தொட்டியைத் தட்டினார். வாலில் குவிந்து கிடந்த மேசையையும் மெஷினையும் பார்த்தார்.

"தண்ணியா ரொப்புனீங்க? அதுவும் பின்னாடித் தொட்டில?"

"ஆமா," என்றான் ராய்ஸ்.

"வாலு கனத்தா மூக்கு தூக்கும் தம்பி. மூக்கு தூக்குனா பிடி போச்சு, அப்புறம் வாலுதான் உன்ன ஓட்டும். தூக்கக் கலக்கத்துலகூட எவனும் இப்படி ரோசன பண்ண மாட்டான். யாரு குடுத்த ஐடியா இது?"

"நான்தான்," என்றான்.

நான் அவன் பக்கத்தில்தான் நின்றேன். காற்று அதிகமாக இருக்கிறது, பேசினாலும் கேட்காது என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் வண்டியிலேயே லாரமி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்து போன் செய்து பஸ்ஸுக்கு வேறு ஆளைப் போடச் சொன்னேன். பதினோரு வருடத்தில் முதல் முறை. அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. எதற்கு அழுகிறோம் என்று நினைத்து என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பதினான்காம் எண் இடத்தில், வெறும் சரளைக் கல்லின் மேல், நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். காற்று சுத்தமாக நின்றிருந்தது. நீதிபதி அனுப்பிய மிஸஸ் ஆல்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கையில் ஒரு கோப்பு. கல் தரையைப் பார்த்தார், ராய்ஸின் மாவுக்கட்டைப் பார்த்தார். நடந்ததை ராய்ஸ் சுருக்கமாகச் சொன்னான். தண்ணீரைப் பற்றியும் பலகையைப் பற்றியும் மறைக்கவில்லை. யார் சொல்லி என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. என் பக்கம் திரும்பினார்.

"நீங்க நடீன்தான? ஸ்கூல் பஸ் ஓட்டுறீங்கன்னு டானாகூட எழுதியிருந்தாங்க. உங்க மேல அவங்களுக்கு ரொம்ப மரியாதை."

"ஆமாங்க."

"பதினோரு வருஷம் இந்தக் காத்துல குழந்தைங்கள பத்திரமா கொண்டு போறவங்க. நீங்க தம்பிகிட்ட வேணாம்னு சொல்லியிருப்பீங்களே?"

அவர் எனக்கு நாற்காலி இழுத்துப் போடுவது போலத்தான் கேட்டார். ஒரு வார்த்தை போதும். இல்லைங்க, அவன்தான் வேண்டாமென்றான், நான்தான் பிடிவாதம் பிடித்தேன் என்றால் முடிந்தது. ஊரில் யாரிடமும் தலைகுனியாதவள் நான். சரளைக் கல்லின் மேல் நின்றுகொண்டு ஒரு முன்பின் தெரியாத பெண்ணின் முன்னாலும் குனிய முடியவில்லை.

"சொன்னேங்க," என்றேன்.

ராய்ஸ் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரமெல்லாம் இல்லை.

"அக்கா சொன்னாங்க மேடம். நான்தான் கேக்கல," என்றான்.

அவர் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. எச்சரிக்கைப் பலகையைக் கண்டும் குடும்பத்தார் சொல்லியும் கேளாதவர் என்று எழுதியிருந்தது. இரவு தங்க அனுமதி இல்லை. ஒரு வாரம் விட்டு ஒரு சனிக்கிழமை, பகலில் மட்டும், நம்பிக்கைக்குரிய உறவினர் ஒருவர் கூடவே இருக்க மகளைச் சந்திக்கலாம். அந்த உறவினர் பெயர் கீழே இருந்தது. என் பெயர்தான்.

அதைப் படித்துவிட்டு அன்று மாலையே எல்லாவற்றையும் கோர்ட்டுக்கு எழுதிப் போடுகிறேன் என்று அவனிடம் சொன்னேன்.

"எழுதி? அப்ப நீயும் பொய் சொன்னவன்னு ஆயிரும். உன் பேரையும் அடிச்சிட்டாங்கன்னா, எனக்குச் சனிக்கிழமையும் போயிரும். விடுக்கா," என்றான்.

இப்போது அவன் வாடகை அறை ஒன்றில் இருக்கிறான். வில்லாவை டானா பத்து மணிக்கு என் வீட்டில் கொண்டுவந்து விடுகிறாள், என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள். அப்பாவும் மகளும் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். நான் அடுப்பங்கரையிலேயே நிற்கிறேன், அறையை விட்டு வெளியே போகக் கூடாது. போன சனிக்கிழமை வில்லா ஐஸ்கிரீம் கேட்டாள். கடை தெருமுனையில்தான் இருக்கிறது, போய் வர ஐந்து நிமிடம். ராய்ஸ் எழுந்து கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, கடை வரைக்கும் வில்லாவக் கூட்டிட்டுப் போகணும். நீ வர்றியா?" என்று கேட்டான்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தேன்.