பாதியில் சறுக்கும் கோடு

அக்கா எதையோ போர்வையில் சுற்றி மார்போடு அணைத்தபடி என் பழுதுபார்க்கும் கடைக்குள் வந்தாள். உள்ளே முட்டைகள். பின்னாலேயே அத்தான், குஞ்சு பொரிக்கும் பெட்டியின் பவர் சப்ளையோடு.

"காலைல கரண்ட் போயிட்டு வந்துச்சு. அதுக்கப்புறம் பெட்டி எழவே மாட்டேங்குது. நாளைக்குப் பொரியணும்டி. இதெல்லாம் ஆறிடுச்சுன்னா எல்லாம் போச்சு," என்றாள் அக்கா.

"கோழிக்கே இல்லாத அக்கறை இவளுக்கு," என்றார் அத்தான். முட்டை வாங்கிய நாளிலிருந்து அவருக்கு இதே கேலிதான்.

எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே கை துறுதுறுத்தது. எங்கள் தொழில் புத்தி அப்படி. வழக்கம்போல, பெட்டிக்குப் பதிலாகக் கரண்ட் இழுக்க ஒரு கார் பல்பை லோடாக மாட்டி, மின்னழுத்தத்தைக் கோடாகக் காட்டும் ஸ்கோப்பை இணைத்து, சப்ளையைப் போட்டேன். திரையில் மின்னழுத்தக் கோடு பன்னிரண்டு வோல்ட் வரை சீராக ஏற வேண்டும். இது பாதி ஏறி, சறுக்கி, அப்புறம் நொண்டி நொண்டி மேலே போனது.

பெரிய கெப்பாசிட்டரை மாற்றினேன். சறுக்கியது. துவக்கத்தை நிதானப்படுத்தும் சின்னதையும் மாற்றினேன். அதே இடத்தில் சறுக்கியது. எரிச்சலில் அணைத்த வேகத்தில் மறுபடி போட்டேன். இந்த முறை சறுக்கல் பாதிதான் இருந்தது.

அதற்கிடையில் நான் ஒன்றையும் மாற்றவில்லையே, பிறகு எது மாறியது? பல்பைத் தொட்டேன். சுட்டது.

சூடான பல்பு அளவாகக் கரண்ட் குடிக்கும். ஆறின பல்பு எரியத் தொடங்கும்போது பல மடங்கு குடிக்கும். தெரிந்த சங்கதிதான், மண்டைக்கு எட்டவில்லை. பல்பைக் கழற்றி, சூட்டிலும் ஆறினாலும் ஒரே அளவு குடிக்கும் ரெசிஸ்டரை மாட்டினேன். கோடு நேராக ஏறியது. சோதிக்க மாட்டிய பல்பேதான் கோட்டைச் சறுக்கவிட்டிருக்கிறது; வேலியே பயிரை மேய்ந்த கதை.

சப்ளையில் குறையில்லை. அப்புறம் பெட்டி ஏன் எழவில்லை?

"அக்கா, பெட்டிக்குள்ள பல்பு ஏதாவது இருக்கா?"

"சூட்டுக்குக் கம்பிதான் இருக்கு. பல்பு ஏது?"

அத்தான் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றார்.

"நேத்து நான் ஒண்ணு மாட்டினேன்," என்றார் கடைசியில். "பழைய கார் பல்பு. பெட்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதுதான் மாட்டினேன், நல்லாத்தானே எரிஞ்சுது."

ஓடுகிற சப்ளை அதைத் தாங்கிக்கொண்டது. காலையில் சூட்டுக் கம்பியோடு ஆறின பல்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பூஜ்யத்திலிருந்து எழ முடியவில்லை.

"எதுக்கு மாட்டினீங்க?" என்றாள் அக்கா. அவள் குரலில் சண்டைக்கான எல்லாம் தயாராக இருந்தது.

"முதல் குஞ்சு ஓட்டைக் கொத்துறதைப் பார்க்கலாம்னுதான்."

அக்கா போர்வையோடு முட்டைகளை அவர் கையில் கொடுத்தாள்.

நானும் கூடப் போய் அவர்கள் வீட்டில் அந்தப் பல்பைக் கழற்றியதும் பெட்டி முதல் தடவையிலேயே எழுந்தது. உள்ளே சூடு ஏறியதும் அக்கா முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அத்தான் அடுக்கினார். அடுக்குமுன் ஒவ்வொன்றையும் காதில் வைத்துப் பார்த்தார். பல முட்டைகளில் சத்தமே இல்லை.

ஒரு முட்டையை மட்டும் அவர் வெகுநேரம் காதிலேயே வைத்திருந்தார். பிறகு அதை அக்காவின் காதுக்குக் கொண்டுபோனார்.

"கத்துது, கேளு."