எந்த பப்பாவோ பண்ண வேலை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது வேறு கதை. மேற்கு வர்ஜீனியா மலை, இலையுதிர்காலம், சன்னலோரம் ஒரு பெண், அவள் மனசுக்குள் ஏதோ ஒன்று. இரண்டு பத்தி எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்தது. அந்த நேரம் பார்த்து ட்வைட் காஸ்டோ போன் பண்ணி, "அம்பர், ஜிக் வந்திருச்சு, சட்டுனு வா" என்றார். சன்னலோரப் பெண்ணை அப்படியே உட்காரவைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

(என் பெயர் அம்புஜவல்லி. இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே அம்பர் ஆக்கிவிட்டார்கள். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது என் தொழில். எனக்குச் சின்னச் சுடரில் உலோகம் ஒட்டத் தெரியும் என்று யாரோ சொல்லப்போக, சனிக்கிழமைதோறும் ட்வைட்டின் கராஜில் பழைய துப்பாக்கிகளைச் செப்பனிடும் கூட்டத்தில் எனக்கும் ஒரு மடக்கு நாற்காலி கிடைத்தது.)

ஆக, இந்தக் கதைக்குத் தொடக்கம் தேட வேண்டியிருந்தது.

'துப்பாக்கி என்பது மனிதனின் ஆதித் தனிமையை—'

வேண்டாம். துப்பாக்கி என்று எழுதினால் போதும், தத்துவம் அழைக்காத விருந்தாளியாக வந்து பந்தியில் உட்கார்ந்துவிடுகிறது.

'ரோண்டா ஃபர்பி அந்த ரைஃபிளைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்து—'

ஐயோ, ரோண்டா படித்தால் என்னைத் துரத்தி அடிப்பாள். அவள் அதை அணைக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. குளிர்பானப் பெட்டியைத் தூக்குகிற மாதிரி இடுக்கிக்கொண்டு வந்தாள்.

சரி. ரைஃபிளின் கைப்பிடி உடைந்துவிட்டது. மான் வேட்டை தொடங்குவதற்குள் ரோண்டாவுக்கு அது திரும்ப வேண்டும். இதுதான் கதை. இதைச் சொல்ல இத்தனை சுற்று.

2

ரைஃபிள் முதல் உலகப்போர்க் காலத்தது. வலது பக்கம் ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அதைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கினால்தான் அடுத்த குண்டு உள்ளே போகும். வண்டியிலிருந்து இறக்கும்போது சரளைக்கல்லில் விழுந்து, யாரோ எப்போதோ வெல்டிங் வைத்த இடத்தில் அந்தக் கைப்பிடி கழன்றுவிட்டது.

ரோண்டா பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் சமைக்கிறவள். அதிகம் பேசமாட்டாள். ரைஃபிளையும் உடைந்த துண்டையும் மேசைமேல் வைத்தாள்.

"இருந்த மாதிரியே ஒட்டிக் குடுத்தா போதும். இந்த வருஷம் மான் வேட்டைப் பரண்ல ஏறலன்னா இனிமே நான் ஏறவே மாட்டேன். எனக்கே தெரியும்" என்றாள்.

"இதெல்லாம் ஒரு வேலையா, விடும்மா" என்றார் எமரி ப்ரூயிட். அவர் எங்கள் கூட்டத்தின் சாஸ்திரி. எந்த வருடத்து ரைஃபிளுக்கு எந்தத் திருகு, அந்தத் திருகுக்கு எந்தப் பக்கம் வெட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் நாம் தூங்காமல் இருந்தால்.

ஒட்டுகிற வேலை என்னமோ அப்பளம் பொரிக்கிற நேரம்தான். ஆனால் ஒட்டும்போது இரண்டு துண்டும் அசையக் கூடாது. அசையாமல் பிடித்துக்கொள்ளும் கவ்விக்குத்தான் வெல்டிங் ஜிக் என்று பெயர். இதில் வகை வகையாக இருக்கிறது. வகை என்று ஒன்று இருந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அதைவிட வேறு சொர்க்கம் வேண்டாம். ஒட்டுவதை ஒத்திவைத்துவிட்டு, எந்த ஜிக் என்று ஆராய ஆரம்பித்தார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்பதில்லை.

"அலுமினியக் கட்டை வச்சது நல்லா சூட்டை இழுத்துக்கும்யா" என்பார் ட்வைட்.

"இழுத்துக்கும். இழுத்துட்டு அசையும். ஐடஹோ மாநிலத்துல ஒருத்தன் பண்றது எஃகு. மயிரிழை நகராது" என்பார் எமரி.

"ஐடஹோக்காரன் வரிசையில நிக்க வைப்பான். அதுக்குள்ள மானுக்கு வயசாகிச் செத்துரும்."

"நூறு வருஷத் துப்பாக்கி. ரெண்டு மாசம் பொறுக்காதா?"

"துப்பாக்கி பொறுக்கும். ரோண்டா பொறுப்பாளா?"

"அவ 'இருந்த மாதிரியே' வேணும்னு கேட்டாளா இல்லையா? அப்ப அதுக்குரிய ஜிக் வேணும்."

செப்டம்பர் போயிற்று. அக்டோபரும் போயிற்று. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

உடைந்த கைப்பிடித் துண்டை மட்டும் எமரி ஒரு முறைக்கு மேல் பார்க்கவில்லை. அது அளவுக்கு மீறி நீளம். மேல்நோக்கி, பின்னால் வளைந்து, ஒரு தினுசாக இருந்தது. இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "எந்த பப்பாவோ பண்ண வேலை" என்று பழைய இரும்பு போடும் வாளியில் போட்டார்.

[பப்பா (Bubba): பாப்பா அல்ல, பப்பாளியும் அல்ல. நல்ல ராணுவத் துப்பாக்கியை அரத்தால் தேய்த்து, ரம்பத்தால் அறுத்து, தன் இஷ்டத்துக்கு மாற்றிக் கெடுத்த முகம் தெரியாத முட்டாளுக்கு இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் வைத்த பெயர். துருப்பிடித்தால்கூட 'பப்பா எண்ணெய் போடல' என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். சொல்ல வசதியான வார்த்தை.]

3

இங்கே ஒரு ஆளை வெளியேற்ற வேண்டியிருக்கிறது.

முந்தின பிரதியில் லானி என்று ஒருவர் இருந்தார். மெலிந்த ஆள், புகையிலை மெல்லுவார், இருவர் சண்டைக்கு நடுவே நின்று "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்பார். இரண்டு பேர் மட்டும் இருந்தால் அது வெறும் வாய்ச்சண்டை, மூன்று பேர் என்றால் கமிட்டி என்பதால் நானே சேர்த்தேன். பத்துப் பக்கம் அவருக்கு காபி ஊற்றிக் கொடுத்த பிறகு பார்த்தால், மனிதர் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போடவில்லை. உண்மையான கமிட்டி உறுப்பினர் மாதிரியே வந்துவிட்டார். அதனாலேயே எடுத்துவிட்டேன்.

ரோண்டாவைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் இருந்தது. 'இனிமே ஏறவே மாட்டேன்' என்று ஒரு பெண் சொல்லிவிட்டுப் போகிறாள். ஏன் என்று கராஜில் ஒருவரும் கேட்கவில்லை. வாசகர் நம்புவாரா? நம்புங்கள். எஃகா அலுமினியமா என்பதிலேயே எங்களுக்கு வாய் ஓய்ந்துபோயிருந்தது.

4

ஐடஹோ ஜிக் வந்துசேர்ந்தது வேட்டை தொடங்கும் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை. எமரி அதைப் பஞ்சுத்துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கே ஒரு நிமிடம் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. பளபளவென்று, கனமாக, சொன்ன சொல் மாறாத சாமான். ஒரே ஒரு கோணத்தைத்தான் அது ஒப்புக்கொள்ளும். தொழிற்சாலை வைத்த கோணம். ஓஹையோவில் இருக்கும் ஒரு சேகரிப்பாளரிடம் சொல்லிவைத்து வாங்கிய பழைய நேர்க் கைப்பிடி ஒன்று ஏற்கனவே அதில் கவ்வப்பட்டு நின்றது. ட்வைட் முகமூடியைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

ரோண்டா பெப்பரோனி ரோல், அதாவது உள்ளே கார இறைச்சி வைத்த ரொட்டி, ஒரு தட்டு நிறையச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். தட்டை வைத்தாள். ஜிக்கைப் பார்த்தாள்.

"இது என்ன கைப்பிடி?"

"ஒரிஜினல்" என்றார் எமரி, பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையை அறிமுகப்படுத்துகிற குரலில். "1917ல தொழிற்சாலையில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே. நீ கேட்ட மாதிரி, இருந்த மாதிரியே."

"நான் கேட்டது போன வருஷம் இருந்த மாதிரி."

"அதை விடும்மா. அது எந்த பப்பாவோ பண்ண வேலை. கண்ணு தெரியாதவன்கூட அவ்வளவு கோணலா ஒட்டமாட்டான்."

"பப்பாதான் பண்ணான்" என்றாள் ரோண்டா.

எமரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதான் நானும் சொல்றேன். ஊருக்கு ஒரு பப்பா இருக்கான். கையில அரத்தைக் குடுத்தா போதும், நல்ல பொருளை—"

"எங்க பப்பா. எங்க அண்ணன் கர்ட்டிஸ்."

வார்த்தைக்கு வீட்டு அர்த்தம் ஒன்று உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இந்த மலையில் 'பிரதர்' என்று சொல்ல நாக்கு திரும்பாத தங்கைகள் அண்ணனைக் கூப்பிடும் பெயர் அது. எமரிக்கு அது தெரியாமல் இருக்க நியாயமில்லை.

"உன் தங்கச்சி உன்னை எப்படிய்யா கூப்பிடுவா?" என்று ட்வைட் மெதுவாகக் கேட்டார்.

எமரி பஞ்சுத்துணியை மடிக்க ஆரம்பித்தார்.

ரோண்டா ரைஃபிளை எடுத்து இடது தோளில் வைத்தாள். இடது தோளில். இரண்டு மாதமாக அவள் எங்கள் காபியை இடது கையால்தான் குடித்திருக்கிறாள், எங்கள் எல்லோருக்கும் கண் அவிந்துபோயிருந்தது. கைப்பிடியோ வலது பக்கம். இடது கைக்காரி சுட்டால், துப்பாக்கியின் மேலாக எட்டிப் போய் அதைப் பிடிக்க வேண்டும்.

"எட்டாவது படிக்கிறப்ப எனக்கு எட்டாது. நான் அழுதேன்னு அறுத்து, நீட்டி, என் பக்கமா வளைச்சு ஒட்டிக் குடுத்தான். ஆத்துப் படகுல வேலை அவனுக்கு. லீவு கிடைச்சதே நாலு நாள், அதை இதுக்குச் செலவு பண்ணான். உங்களுக்கு அது கோணல். என் கைக்கு அதுதான் வரும்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "ஏப்ரல்ல போயிட்டான். பரண் அவன் கட்டினது. அவன் இல்லாம, அவன் துப்பாக்கியும் இல்லாம, நான் அங்க போயி எதைப் பாத்துட்டு உக்காருவேன்?"

அவள் அழவில்லை. நான்தான் ஒரு ரோலை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன்.

"அந்தத் துண்டு எங்க?" என்றாள்.

5

இந்த இடத்தில் எழுத்தாளருக்குக் கை நமநமவென்று அரிக்கும். பாருங்கள்.

முடிவு அ: வாளியைக் கவிழ்க்கிறார்கள். துண்டு இல்லை. பழைய இரும்புக்காரன் வெள்ளிக்கிழமையே அள்ளிக்கொண்டு போய்விட்டான். ரோண்டா ஒன்றும் பேசாமல் மலைச் சரிவில் நடந்து மறைகிறாள். பனி பெய்கிறது. (பனி பெய்தாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த முடிவைப் பத்திரிகையில் போடமாட்டார்கள்.)

முடிவு ஆ: துண்டு கிடைக்கிறது. எமரி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நானும் ஒரு பப்பாதானம்மா" என்று உடைந்து— இல்லை. எமரி ப்ரூயிட் உடையமாட்டார். தன் மனைவி போனபோதே உடையாதவர், உடைந்தாலும் கராஜில் உடையமாட்டார்.

நடந்ததைச் சொல்கிறேன். துண்டு வாளியின் அடியில் இருந்தது. எமரியே குனிந்து தேடி எடுத்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை, நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன். ஐடஹோ ஜிக்கிலிருந்து நேர்க் கைப்பிடியைக் கழற்றினார். கர்ட்டிஸின் கைப்பிடியை அதில் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. எப்படிப் பொருந்தும்? எந்த ஜிக்குக்காரனும் ரோண்டாவின் இடது கையை அளவெடுத்திருக்கமாட்டான்.

"இதைப் பிடிக்க ஜிக் கிடையாது" என்றார்.

"கையால பிடிங்க" என்றாள் ரோண்டா.

வண்டியிலிருந்து என் பல் மெழுகை எடுத்து வந்தேன். ரோண்டா ஸ்டூலில் உட்கார்ந்து காலித் துப்பாக்கியை இடது தோளில் வைத்தாள். எமரி மண்டியிட்டு, கைப்பிடியை மெழுகில் பதித்துப் பிடித்துக்கொண்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு எட்டித் தொட்டாள்.

"இன்னும் மேல. பின்னால. அவ்வளவு இல்ல."

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் கோணலா."

வாழ்நாளில் முதல் முறையாக எமரி ஒரு பொருளைக் கோணலாக்கினார். அவள் "ஆங்" என்றதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். நான் சுற்றிலும் பல்லுக்கு வார்க்கும் சூடு தாங்கும் மாவைக் குழைத்து அப்பினேன். மாவு இறுகியது. துப்பாக்கியை மேசைமேல் வைத்து, மெழுகை உருக்கி எடுத்த பிறகு ட்வைட் முகமூடியை இறக்கினார்.

ஒட்டு பார்க்க அசிங்கமாக இருந்தது. தேய்த்து வழவழப்பாக்கட்டுமா என்று ட்வைட் கேட்டதற்கு, எமரிதான் வேண்டாம் என்றார்.

6

பெரிய கேள்வி பாக்கி இருக்கிறது. ஒட்டு தாங்குமா? எங்களுக்குத் தெரியாது. ரோண்டா ரைஃபிளை வண்டியில் வைக்கும்போது, "இதை எழுதப்போறேன்" என்று சொன்னேன்.

"சனிக்கிழம வரைக்கும் எழுதிக்கோ அம்பர்" என்றாள். "திங்கக்கிழம எனக்கும் அவனுக்கும்."

அதோடு எனக்குக் கதவைச் சாத்திவிட்டாள். அடுத்த வாரம் பலசரக்குக் கடையில் பார்த்தபோதும் வான்கோழி விலையைத்தான் பேசினாள். நானும் கேட்கவில்லை. கூட வந்திருந்த எமரியும் கேட்கவில்லை, ஆனால் அவள் போகிற வரை அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் இருப்பது ஒன்றுதான். திங்கட்கிழமை விடிந்ததும் கொல்லைக்கதவைத் திறந்துவைத்து நின்றேன். அன்றைக்கு மலை முழுக்க வெடிச்சத்தம். பள்ளிக்கூடம் கிடையாது, பாதி ஊர் மரத்தின்மேல். கர்ட்டிஸின் பரண் இருக்கும் பக்கத்திலிருந்தும் சத்தங்கள் வந்தன. சிலது ஒற்றை வெடி, அப்புறம் ஒன்றுமில்லை. சிலது ஒன்று, ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி ஒன்று. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஒரு கை எட்டிப் போய்க் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கியிருக்க வேண்டும்.

எது அவளுடையது என்று நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நான் எனக்கு ஒன்றை எடுத்துவைத்திருக்கிறேன். அதைச் சொல்லமாட்டேன்.