கொளஞ்சியின் சீனக் கடுகு

கடுகை வறுக்கும்போது சட்டியை மூட வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். கொளஞ்சிநாதனுக்கும் தெரியும். அவன் மூடியைத் தேடப் போன நேரம் பார்த்துத்தான் கடுகு வெடித்தது. அதுவும் கால் கிலோ. அவன் மனைவி துர்கா, செராமிக் கம்பெனியிலிருந்து பெயிண்ட் அடிக்க எடுத்து வந்த பீங்கான் யானைகளை அடுப்புக்குப் பக்கத்தில் அடித்த பெயிண்டின் ஈரம் காய வைத்திருந்தாள். எல்லா யானைக்கும் அம்மை போட்டதுபோல் உடம்பெல்லாம் கடுகு.

"யானைக்கு நல்லாத்தான் இருக்குது" என்றான் கொளஞ்சி.

துர்கா ஊசியால் கடுகை நோண்டிக்கொண்டே, "உங்க மூஞ்சியில ஒட்டியிருந்தா இன்னும் நல்லா இருந்துருக்கும்" என்றாள்.

வறுத்து அரைத்ததில் கசப்புதான் இருந்தது, காரம் பேருக்குக்கூட இல்லை. கொளஞ்சி சிங்கப்பூரில் சீன ஓட்டலில் வேலை பார்த்தவன். பார்த்தது பாத்திரம் கழுவும் வேலை என்பதை மட்டும் விருத்தாசலத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அங்கே ஸ்பிரிங் ரோலுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் கடுகு விழுது மூக்கு வழியாக ஏறி உச்சந்தலையில் போய் உட்காரும். அந்தக் கிண்ணங்களைக் கழுவியவனுக்கு, அதைச் செய்யும் விதம் தெரியாது.

இப்போது பழைய முதலாளி திரும்ப வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தார். விழுது சரியாக வந்தால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்பிரிங் ரோல் தள்ளுவண்டி போடலாம். வராவிட்டால் மறுபடி விமானம்தான். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"நான் கெளம்பிட்டா உனக்கும் நிம்மதி, யானைங்களுக்கும் நிம்மதி. போவட்டா?"

"உங்க இஷ்டம்." எப்போது கேட்டாலும் இதே பதில்தான்.

சாயங்காலம் ஒரு சீனத்து அம்மா செய்வதை ஃபோனில் பார்த்தான். அந்த அம்மா வறுக்கவே இல்லை. பச்சைக் கடுகைப் பொடித்து, பச்சைத் தண்ணீர் விட்டுக் குழைத்து மூடி வைத்தார். சூடு பட்டால் காரம் போய்விடுமாம். பத்து நிமிஷம் சும்மா விட்டால் தானாக ஏறுமாம்.

சும்மா இருப்பது கொளஞ்சிக்கு வராத வேலை. விழுதைக் கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். துர்கா யானைக்குக் கண் வரைந்துகொண்டிருந்தாள். மாறுகண் என்று ஒரு கிண்டல் வாய்வரை வந்தது. விழுங்கினான். இன்னொன்று வந்தது, அதையும் விழுங்கினான். கடைசியில் சொல்வதற்கு எந்த ஜோக்கும் மிச்சமில்லை.

"துர்கா, நான் போவணுமா, இருக்கணுமா?"

அவள் நிமிர்ந்து, இவன் சிரிக்கிறானா என்று பார்த்தாள். சிரிக்கவில்லை.

"மொதல்ல அதத் தெறங்க."

மூடியை எடுத்து, கடையில் வாங்கி வந்த பஜ்ஜி ஒன்றை விழுதில் தொட்டுக் கொடுத்தான். வாயில் போட்டவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு தும்மல் போட்டாள்.

"ஏறுது. உப்புதான் பத்தல."

"அதக் கேக்கல. நான் கேட்டதுக்குச் சொல்லு."

பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"போன தடவ சிங்கப்பூர் கெளம்பறப்ப நீங்க சிரிச்சிக்கிட்டே கேட்டீங்க, நானும் சிரிச்சிக்கிட்டே வுட்டுட்டேன். போவாதீங்க. வண்டி ஓடுனாலும் ஓடலன்னாலும் வூட்லயே இருங்க."